மகன் படிக்காமல் போட்டுவிட்டுப் போன புத்தகம்: கார்க்கியின் ‘தாய்’

ரஷ்ய எழுத்தாளர் மக்ஸீம் கார்க்கியின் நாவலான இந்தப் புத்தகத்தை நான் காசு கொடுத்து வாங்கவில்லை. மகன் வாங்கியது. ஓசூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருக்கிறான். கூட வேலை செய்கிற ஒரு அண்ணன் "இதைப் படிடா" என்று சொல்லியிருக்கிறார். இவனும் தர்மபுரி புத்தகத் திருவிழாவுக்குப் போய் வாங்கி வந்து, இருபது பக்கம் தாண்டுவதற்குள் "பேரெல்லாம் வாயிலயே நுழையல ம்மா" என்று என் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டு நைட் ஷிஃப்டுக்குப் பஸ் ஏறிவிட்டான். மூன்று மாதம் அது ஜாக்கெட் துணிகளுக்கு அடியில் கிடந்தது.

எனக்குப் பாப்பாரப்பட்டியில் சின்னதாக ஒரு தையல் கடை. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தையும் தீபாவளியையும் விட்டால், மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை ஈ காக்கா வராது. அந்த நேரத்தில்தான் எடுத்துப் பிரித்தேன். தலைப்பைப் பார்த்ததும் கொஞ்சம் சலிப்பாகத்தான் இருந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தாய் என்றால் பாரத மாதாதான் முதலில் ஞாபகம் வரும். சுப்பிரமணிய சிவா இங்கே பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டு, 1923ல் வங்காளத் தலைவர் சித்தரஞ்சன் தாஸை அழைத்து அடிக்கல் நாட்டி, கட்டி முடிக்காமலேயே 1925ல் இதே ஊரில் இறந்துபோனார். சிறு வயதிலிருந்து கேட்ட கதை. ஆகவே இதுவும் அப்படி ஒரு தாயாக இருக்கும், நிற்க வைத்துக் கும்பிடுகிற தாய், பாதிக் கதையில் பிள்ளைக்காகச் செத்துப்போகிற தாய் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். அப்படி இல்லை. முதல் சில பக்கங்களிலேயே இந்தப் பொம்பளையை எனக்குத் தெரியும் என்று தோன்றிவிட்டது.

ரஷ்யாவில் ஒரு ஃபேக்டரி குடியிருப்பு. மிகயீல் விலாசவ் என்று ஒரு பூட்டு வேலைக்காரன், குடிகாரன், பெண்டாட்டியை அடிக்கிறவன். ஒரு நாள் பதினாலு வயசு மகன் பாவெலின் தலைமுடியைப் பிடிக்கக் கையை ஓங்குகிறான். பையன் ஒரு கனத்த சுத்தியலை எடுத்துக்கொண்டு, என்னைத் தொடாதே என்று நிற்கிறான். அடிதடி எதுவும் நடக்கவில்லை. அப்பன் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இனிமேல் என்னிடம் காசு கேட்காதே, உன்னை மகன் பார்த்துக்கொள்வான் என்று பெண்டாட்டியிடம் சொல்கிறான், அவ்வளவுதான். அதற்கப்புறம் சாகும்வரை மகனோடு பேச்சே கிடையாது. குடலிறக்கம் வந்து, ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிச் செத்துப்போகிறான். அவன் வளர்த்த நாய் மட்டும் புதைத்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இத்தனையும் சில பக்கங்களுக்குள். இந்த வேகம் நாவல் முழுக்க இருந்திருந்தால் எங்கேயோ போயிருக்கும், அதற்குப் பிறகு வருகிறேன்.

அவள் பெயர் பெலகேயா நீலவ்னா. நாற்பது வயசு. ஆனால் கார்க்கி அவளைப் பெரும்பாலும் பெயர் சொல்லி எழுதுவதில்லை, "தாய்" என்றுதான் எழுதுகிறார். முதலில் இது எனக்கு உறுத்தியது. அப்புறம் யோசித்தால், என் அம்மாவின் பெயரே எனக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் தெரியும். தெருவில் எல்லாருக்கும் அவள் என் பெரிய அக்காவின் பெயரைச் சொல்லி "இன்னாருடைய அம்மா"தான்.

அப்பன் செத்ததும் மகனும் ஒரு நாள் குடித்துவிட்டு வருகிறான். அவள் அழவில்லை, கத்தவில்லை. தலையில் ஈரத்துணி போட்டுவிட்டு, நீயும் குடிக்க ஆரம்பித்தால் எனக்கு எப்படிச் சோறு போடுவாய், உன் அப்பா உனக்கும் சேர்த்துக் குடித்துவிட்டாரே, என்மேல் இரக்கம் காட்டக்கூடாதா என்கிற மாதிரி கேட்கிறாள். இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அந்த நேரம் பார்த்து ஒரு பொண்ணு சுடிதாருக்கு அளவு கொடுக்க வந்து நின்றாள்.

பாவெல் மெல்ல மாறுகிறான். குடியை விடுகிறான், புத்தகம் படிக்கிறான், பேச்சு குறைகிறது. நல்ல பையனாகிவிட்டானே என்று சந்தோஷப்பட வேண்டிய அம்மாவுக்குப் பயம் வருகிறது. பெற்றவளுக்குத்தான் அந்தப் பயம் புரியும். கெட்டுப்போகிற பிள்ளையை என்ன செய்வதென்று ஊருக்கே தெரியும். ஒரேயடியாக நல்லவனாகிற பிள்ளையை என்ன செய்வது? ஒரு ராத்திரி அவள் கேட்டேவிடுகிறாள். அவன் ஒளிக்காமல், இதெல்லாம் தடை செய்த புத்தகங்கள், மாட்டினால் ஜெயில்தான் என்று சொல்லிவிடுகிறான். அப்புறம் திருப்பி ஒரு கேள்வி கேட்கிறான்: உன் வாழ்க்கையில் நீ என்ன சந்தோஷத்தைக் கண்டாய், ஞாபகம் வைத்துக்கொள்ள உனக்கு என்ன இருக்கிறது?

அவளைப் பற்றி அவளிடமே யாரும் பேசியது அதுதான் முதல் தடவை. அவளுக்கு வருத்தமும் இருக்கிறது, உள்ளுக்குள் ஒரு இதமும் இருக்கிறது. கார்க்கி இந்த இடத்தில் ஒன்றும் விளக்காமல் அவளைச் சும்மா உட்கார வைத்திருக்கிறார். என் மகன் என்னிடம் அப்படிக் கேட்டால் நான் என்ன சொல்லுவேன் என்று இரண்டு நாள் யோசித்தேன், ஒகேனக்கல்லுக்கு ஒரு தடவை போனதைத் தவிர எதுவும் சட்டென்று வரவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் போலீஸ் சோதனை போடுகிற ராத்திரி. வீட்டில் புத்தகங்களைத் தூக்கி எறிகிறார்கள். அதிகாரி அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்கிறான். "தெரியாது" என்று மகன் பதில் சொல்கிறான். உன்னைக் கேட்கவில்லை, கிழவி, நீ சொல்லு என்று அதிகாரி அதட்டுகிறான். அதுவரை நடுங்கிக்கொண்டிருந்தவளுக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்து, கத்தாதே, நீ சின்னப் பையன், கஷ்டம் என்றால் உனக்கு என்ன தெரியும் என்று கையை நீட்டிப் பேசிவிடுகிறாள். அவளுக்காக மகன் பதில் சொன்னான் பாருங்கள், அந்த ஒரு சொல் எனக்கு ரொம்ப நேரம் உள்ளேயே கிடந்தது. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறான். ஆனாலும்!

பிறகு அவள் படிக்கக் கற்றுக்கொள்கிறாள். மகன் சொல்லிக்கொடுத்து இல்லை. அந்திரேய் என்று ஒரு உக்ரேனியப் பையன் அந்த வீட்டில் தங்கியிருக்கிறான், தாய் தகப்பன் இல்லாதவன், நெட்டையாக, வேடிக்கையாகப் பேசுகிறவன். அவன்தான் எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுக்கிறான். நாற்பது வயசு வரை வாழ்ந்துவிட்டு இப்போதுதான் எழுத்தே தெரிகிறதே என்று அழுகிறாள்.

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கம் எங்கள் பக்கம் வந்தபோது என் அம்மாவுக்கும் கிட்டத்தட்ட அதே வயசு. ராத்திரி களி கிண்டி எல்லாருக்கும் போட்டு முடித்துவிட்டு, தெருவிளக்குக் கீழே போய் உட்காருவாள். நான் ஆறாவதோ ஏழாவதோ. வீட்டுக்கு வந்தால் சிலேட்டைக் கொடுத்து "நீ பாத்து சொல்லு கண்ணு" என்பாள். நான் சிரிப்பேன். ‘ழ’ போட வராது அவளுக்கு, சுழித்துச் சுழித்து எங்கேயோ போய் நிற்கும். ஒரு நாள் நான் ரொம்பச் சிரித்துவிட்டேன், அவள் சிலேட்டைக் கழுவி வைத்துவிட்டாள், ஒரு வாரம் தொடவில்லை. 2011 கணக்கெடுப்பில்கூட எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே கடைசி மாவட்டம் தர்மபுரிதான், நூற்றுக்கு 68 சொச்சம். அந்தப் புள்ளிவிவரத்தைப் பேப்பரில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிலேட்டுதான் ஞாபகம் வரும். அந்திரேய் சிரிக்கவில்லை. அழாதே, இது உன் குற்றம் இல்லை என்கிற மாதிரிதான் பேசுகிறான். அதைப் படித்தபோது எனக்குக் கூசியது.

சரி, கதைக்கு வருவோம். ஃபேக்டரியைச் சுற்றி ஒரு சதுப்பு நிலம் இருக்கிறது. அதில் தண்ணீரை வடிப்பதற்கென்று தொழிலாளிகளின் கூலியில் ரூபிளுக்கு ஒரு கோபெக் பிடிக்க முடிவு செய்கிறது நிர்வாகம், நம்ம கணக்கில் ரூபாய்க்கு ஒரு பைசா மாதிரி. பாவெல் ஏறி நின்று பேசுகிறான். யாரும் பின்னால் வரவில்லை, கொஞ்ச நேரத்தில் எல்லாரும் வேலைக்குப் போய்விடுகிறார்கள், இவன் மட்டும் ஜெயிலுக்குப் போகிறான். இதை மகனிடம் போனில் சொன்னேன். "எங்களுக்கும் கேன்டீனுக்கு ஒண்ணு, பஸ்ஸுக்கு ஒண்ணு, யூனிஃபார்முக்கு ஒண்ணுன்னு பிடிக்கிறாங்கம்மா, ஸ்லிப்பைப் பார்த்தா தலை சுத்தும்" என்றான். அப்புறம், "அந்த ஆளு எதுக்கு வாயைக் கொடுத்தான்?" என்றும் கேட்டான். அந்தக் கேள்வி கேட்டதில் பெற்றவளாக எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது.

பாவெல் ஜெயிலில் இருக்கும்போது, அவனும் கூட்டாளிகளும் ரகசியமாகப் பரப்பிவந்த துண்டுப் பிரசுரங்கள் ஃபேக்டரிக்குள் வருவது நின்றுவிட்டால், இவன்தான் கொண்டுவந்தான் என்று உறுதியாகிவிடும். ஆகவே அம்மா சாப்பாடு விற்கிற பொம்பளையோடு சேர்ந்து, உடம்பில் காகிதங்களைக் கட்டிக்கொண்டு உள்ளே போகிறாள். சூப்பு, சூடான நூடுல்ஸ் என்று கூவிக்கொண்டே காகிதத்தைக் கொடுக்கிறாள். காவல்காரர்களை ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் சின்னப் பெண் மாதிரி ஆகிவிடுகிறாள் அன்றைக்கு. அவள் இதில் இறங்கியது கொள்கைக்காக இல்லை, மகனை வெளியே கொண்டுவர. இதைக் கார்க்கி மறைக்கவில்லை, அதனால்தான் நம்ப முடிகிறது. கொள்கை பின்னால் வருகிறது, அதுவும் முழுசாக வருகிறதா என்று எனக்குச் சந்தேகம். கடைசிவரை அவள் சாமி கும்பிடுகிறவள்தான், ஏசுவையும் இந்தப் பையன்களையும் சேர்த்தே ஒரு கணக்கு வைத்திருக்கிறாள்.

ஜெயிலிலிருந்து வந்தபிறகு, மே தினத்தில் கொடியை நான்தான் பிடிக்கப்போகிறேன் என்று பாவெல் வீட்டில் சொல்கிற இடம் நாவலிலேயே முக்கியமானது என்பேன். கொடி பிடித்தால் நிச்சயம் கைது. அவள் முகம் வாடுகிறது. அதைப் பார்த்து அவன், மனுஷனை வாழவிடாமல் தடுக்கிற பாசமும் உண்டு என்று விறைப்பாக ஒரு வார்த்தை விடுகிறான். அவள் உடனே, நான் தடுக்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை என்று பின்வாங்குகிறாள். அவள் வெளியே போனதும் அந்திரேய் பாவெலைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்குகிறான், அம்மா முன்னால்தான் உன் வீரத்தைக் காட்டுவாயா என்று. பாவெல் போய் மன்னிப்புக் கேட்கிறான். நீ உன் இஷ்டப்படி வாழு, என் மனசை மட்டும் தொடாதே, பெற்றவள் இரக்கப்படாமல் எப்படி இருப்பாள் என்கிறாள் அவள். இந்த நாலு பக்கத்துக்காகவே புத்தகத்தை வாங்கலாம். புரட்சி நாவல், புரட்சி நாவல் என்று சொல்லிச் சொல்லி இந்த நாலு பக்கத்தை யாரும் எனக்குச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

இப்போது குறைகள். முதல் பாகம் மே தின ஊர்வலத்தில் முடிகிறது, மகனைப் பிடித்துப் போனதும் உடைந்த கொடிக்கம்புத் துண்டோடு அவள் நிற்கிறாள். அதோடு முடித்திருக்கலாமோ என்று தோன்றியது. இரண்டாம் பாகத்தில் அவள் நகரத்துக்குப் போய் படித்தவர்கள் வீட்டில் தங்குகிறாள், கன்னியாஸ்திரி வேஷத்திலும் லேஸ் விற்கிறவளாகவும் ஊர் ஊராகப் பிரசுரங்களைக் கொண்டுபோகிறாள். கேட்கச் சுவாரசியமாக இருக்கிறது, ஆனால் ஆளாளுக்குப் பேசுகிறார்கள். பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நம்ம பக்கத்து ஆட்கள் எல்லாருமே நல்லவர்கள், எதிர்ப்பக்கம் எல்லாருமே வெளிறிப்போன மூஞ்சிக்காரர்கள். கோர்ட்டில் பாவெல் செய்கிற பிரசங்கத்தை நான் இரண்டு தவணையாகப் படித்தேன், நடுவில் ஒரு பாவாடைக்கு நாடா கோர்த்தேன். பாவெல் மேல் எனக்குக் கடைசிவரை ஒட்டுதல் வரவில்லை. அவனை விரும்புகிற சாஷா என்கிற பெண்ணிடமும் அவன் கல்லு மாதிரிதான். ஜெயிலிலிருந்து தப்பிக்க ஏற்பாடு செய்தால்கூட வரமாட்டேன் என்கிறான். பெரிய மனுஷன்தான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் எனக்கு மருமகள் வேண்டுமென்றால் அந்திரேய் வீட்டில்தான் பெண் கொடுப்பேன்... இல்லை, தப்பாகச் சொல்கிறேன், எனக்குப் பெண் இருந்தால் அந்திரேய்க்குத்தான் கொடுப்பேன்.

இன்னொன்று. புரட்சிக்காரர்கள் யார் வந்தாலும் இந்த அம்மாதான் தேநீர் கொடுக்கிறாள். முதல் அத்தியாயங்களில் ஆரம்பித்த தேநீர் முடிகிற வரைக்கும் ஓயவில்லை. உலகத்தையே மாற்றப்போகிற பையன்கள், டம்ளரைக் கழுவி வைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஆனால் இரண்டாம் பாகத்தைத் தாண்டிவிடாதீர்கள், ஒரு இடம் இருக்கிறது. சோபியா என்று ஒருத்தி பியானோ வாசிக்கிறாள். இவளுக்கு அந்தச் சங்கீதம் ஒன்றும் புரியவில்லை, ஆனால் கேட்கக் கேட்க ஒரு பழைய ராத்திரி மேலே வருகிறது. புருஷன் குடித்துவிட்டு வந்து, படுக்கையிலிருந்து இழுத்துப் போட்டு உதைத்து, வெளியே போ என்கிறான். அடி தன்மேல் விழாமல் இருக்க இரண்டு வயசுப் பாவெலைத் தூக்கி, மண்டிபோட்டு, குழந்தையின் உடம்பால் தன்னை மறைத்துக்கொள்கிறாள். குழந்தை துணியில்லாமல் சூடாக, பயந்து அழுகிறது.

குழந்தையைக் காப்பாற்றுகிற தாயை எத்தனையோ பார்த்தாயிற்று. குழந்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற தாயை எழுத தைரியம் வேண்டும். நான் வீட்டில் மூன்றாவது பெண். மூன்றாவதும் பெண் என்றதும் என் அப்பாவைப் பெற்ற ஆயா என் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் அது எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை, பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசாங்கத் தொட்டிலில் விட்டுவிடச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல் சேலத்தில் ஆரம்பித்து 2001ல் தர்மபுரிக்கும் வந்தது சும்மா இல்லை. அம்மா ஒரு மாதம் என்னை இடுப்பிலிருந்து இறக்கவில்லையாம், குளிக்கப் போனால்கூடக் கூடவே. "உன்னைக் காப்பாத்தத்தானே?" என்று ஒரு தடவை கேட்டேன். "உன்னை வச்சிருந்தா என்னை யாரும் அடிக்கமாட்டாங்க, அதுக்கும்தான்" என்றாள். அப்போது எனக்குக் கோபம் வந்தது. இந்தப் பக்கத்தைப் படித்தபிறகு அந்தக் கோபம் போய்விட்டது.

புத்தகத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். கார்க்கி இதை 1906ல் அமெரிக்காவில் இருந்தபோது எழுதியிருக்கிறார். 1902ல் சோர்மவா என்ற இடத்தில் நடந்த மே தின ஊர்வலமும், அதில் கொடி பிடித்த பியோத்தர் சலோமவும் அவருடைய அம்மாவும்தான் இதற்கு மூலம். லெனின்கூடச் சரியான நேரத்தில் வந்த புத்தகம் என்று பாராட்டினாராம். எனக்கு அதைவிட ஆச்சரியம் வேறு: கார்க்கிக்கு மூன்று வயசில் அப்பா போய், அம்மாவும் பாட்டி தாத்தா வீட்டில் விட்டுவிட்டு, பதினோரு வயசில் அம்மாவும் இறந்துவிட்டார். பாட்டிதான் வளர்த்தது. அம்மாவின் மடியில் வளராத ஆளுக்கு ஈரத்துணி போடுகிற கை எப்படித் தெரிந்தது?

தமிழில் தொ.மு.சி. ரகுநாதன் மொழிபெயர்த்திருக்கிறார். கொஞ்சம் பழைய தமிழ், சில இடத்தில் வாக்கியம் நீண்டு சுற்றிக்கொண்டு வரும், ஆனால் சண்டையும் வசவும் வருகிற இடமெல்லாம் நல்லா உயிரோடு இருக்கிறது. எழுத்து பொடி, எனக்குக் கண்ணாடி இல்லாமல் முடியவில்லை. பெயர்களுக்குப் பயப்படாதீர்கள். ஒரே ஆளுக்கு மூன்று பெயர் வரும், நான் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டேன், அளவு நோட்டில் எழுதுகிற மாதிரி.

முடிவைச் சொல்லப்போவதில்லை. ரயில் ஸ்டேஷன், ஒரு பெட்டி, பின்னால் ஒரு உளவாளி. பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று ஒரு நிமிஷம் அவளுக்குத் தோன்றுகிறது, அந்த ஒரு நிமிஷத்தைக் கார்க்கி விடாமல் எழுதியிருக்கிறார். அது போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான், "முடிச்சிட்டியா? குடு, நான் படிக்கிறேன்" என்றான். புத்தகம் என்னிடம் இல்லை. என் அம்மா வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எழுபது தாண்டிவிட்டது, எழுத்துக் கூட்டி, விரலை வைத்து, ஒரு நாளைக்கு ஒரு பக்கம். பெலகேயா என்பதை ‘பேலகா’ என்று ஆக்கிவிட்டாள், எங்கள் தெருவில் யாரோ இருக்கிற மாதிரி. பையன் குடித்துவிட்டு வருகிற இடத்துக்கு வந்துவிட்டாள் போல. நேற்று ராத்திரி போன் போட்டு, "இவன் தேறுவானா மாட்டானா, அத மட்டும் சொல்லுடி" என்றாள். நீயே படிச்சுக்கோ என்று வைத்துவிட்டேன்.